சிறு சண்டைக்குத் தனிக்கட்டுரை தகுமா? – வாசகர் கேள்வி பதில்

வட ஆற்காட்டுப் பகுதியின் வரலாற்றைக் கலைக்களஞ்சியக் கட்டுரைகளாக எழுத முனைந்திருக்கும் வாசகர்கள் சிலரிடமிருந்து இம்மாதம் வந்த மடல்கள், ஊர் வேறானாலும், ஒரே ஐயத்தைத்தான் எழுப்புகின்றன. பலர் அறியாத ஒரு போர்க்காலச் சண்டைக்குத் தனித் தலைப்பு கொடுக்கலாமா, கூடாதா, அதை எவ்வாறு முடிவு செய்வது என்பதே அது. ஆகவே பிற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இப்பொருளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: 1752 பிப்ரவரியில் எங்கள் ஊரில் கிழக்கிந்தியக் கம்பெனித் தளபதி கிளைவின் படைக்கும், ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபின் மகன் ராசா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்து நடத்திய படைக்கும் சண்டை நடந்தது. இதைப் பற்றி இணையக் கலைக்களஞ்சியத்தில் தனிக்கட்டுரை எழுதினேன். ‘ஓரிரவுச் சண்டைக்குத் தனிக்கட்டுரை வேண்டாம், ஆற்காட்டு முற்றுகைக் கட்டுரையில் ஒரு பத்தியாகச் சேர்த்துவிடலாம்’ என்கிறார் சக பங்களிப்பாளர் ஒருவர். எங்கள் ஊரின் பெருமை, கிளைவின் புகழ், மாண்டவர்களின் தொகை ஆகியவற்றை நான் எடுத்துக் காட்டியும் அவர் ஏற்கவில்லை. தங்கள் கருத்து என்ன?
– வாசகர், காவேரிப்பாக்கம்

பதில்: தனிக்கட்டுரை தகும் என்பதே என் கருத்து. ஆனால் அதற்குத் தாங்கள் காட்டும் மூன்று காரணங்களில் ஒன்றுகூட என்னை அந்த முடிவுக்குக் கொண்டுவரவில்லை. ஊர்ப்பெருமை எல்லா ஊருக்கும் உண்டு. கிளைவ் கலந்துகொண்டார் என்பதற்காக அவர் சுட்ட ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு கட்டுரை எழுத முடியாது. மாண்டவர் தொகையோ, பின்னால் சோளிங்கர் வாசகருக்குச் சொல்லவிருப்பதைப் போல, சான்றுகளில் மிகவும் நம்பத் தகாத பகுதி.

தமிழ் விக்கிப்பீடியாவில் ‘குறிப்பிடத்தக்கமை’ என்ற பெயரில் வழங்கும் அளவுகோல் மூன்று கூறுகளைக் கொண்டது. ஒரு பொருளைப் பற்றி, அப்பொருளோடு நேரடித் தொடர்பு இல்லாதவர்கள், நம்பத்தக்க வெளியீடுகளில், கணிசமான அளவுக்கு எழுதியிருக்க வேண்டும். இம்மூன்றில் ‘கணிசமான அளவு’ என்பதைத்தான் பலரும் எளிதாகக் கடந்துவிடுகிறார்கள். ‘இன்ன இடத்தில் ஒரு சண்டை நடந்தது, இன்னார் வென்றார்’ என்ற ஒற்றை வரி பத்து நூல்களில் இருந்தாலும் அது ஒற்றை வரிதான். படைகள் எங்கிருந்து வந்தன, ஏன் மோதின, மோதல் எப்படித் திரும்பியது, முடிந்தபின் என்ன மாறியது என்று நாமாக எதையும் இட்டுக்கட்டாமல் எழுதுவதற்குப் போதிய செய்தி வேண்டும்.

காவேரிப்பாக்கத்துக்கு அது தாராளமாக இருக்கிறது. 1763-இல் வெளிவரத் தொடங்கிய ராபர்ட் ஓர்மின் வரலாற்றைத் திறந்து பாருங்கள். கிளைவிடம் 380 ஐரோப்பியரும் 1,300 சிப்பாய்களும் ஆறு பீரங்கிகளும் இருந்தன என்றும், எதிர்த்தரப்பில் 400 ஐரோப்பியர், 2,000 சிப்பாய்கள், 2,500 குதிரை வீரர்கள் இருந்தனர் என்றும் அவர் கணக்குக் கொடுக்கிறார். பொழுது சாயும் நேரத்தில், சாலையின் வலப்புறத்து மாந்தோப்பில் மறைத்து வைக்கப்பட்டிருந்த ஒன்பது பீரங்கிகள் கிளைவின் படைமீது முழங்கத் தொடங்கின. நிலவொளியில் சில மணி நேரம் இருபுறமும் சுட்டுக்கொண்டும் முடிவு தெரியவில்லை. தோப்பின் பின்புறம் காவலின்றிக் கிடக்கிறது என்று வேவு பார்த்து வந்தவர் சொல்ல, ஒரு பிரிவு பெருஞ்சுற்றாகச் சுற்றிச் சென்றது. அதற்கு முன்னே தனியாகப் போன சிமண்ட்ஸ் என்ற இளம் அதிகாரி, எதிரிச் சிப்பாய்கள் இடைமறித்தபோது பிரெஞ்சு மொழியில் பதில் சொல்லித் தப்பி, தோப்புக்குள்ளேயே நுழைந்து பார்த்துவிட்டுத் திரும்பினார். பீரங்கிக்காரர்கள் முன்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருக்க, முப்பது கெசத் தொலைவில் முதுகுப்புறமிருந்து குண்டுமாரி விழுந்தது. பீரங்கிகளை விட்டுவிட்டு அவர்கள் ஓடினார்கள். இந்த அளவு விவரத்தை ஒரு பத்தியில் அடைப்பது, வரலாற்றைச் சுருக்குவதாக ஆகாது, வெட்டுவதாகவே ஆகும்.

இரண்டாவது சான்று இன்னும் வலுவானது. கர்னல் மாலிசன் 1883-இல் வெளியிட்ட, இந்தியாவின் முடிவு கண்ட போர்களைப் பற்றிய நூலில், பிளாசிக்கும் பக்சாருக்கும் தனி அதிகாரம் இருப்பதைப் போலக் காவேரிப்பாக்கத்துக்கும் ஒரு தனி அதிகாரம் இருக்கிறது. ஆற்காட்டு முற்றுகைக்கு அதில் தனி அதிகாரம் இல்லை. எந்தச் சண்டையை எதனுள் அடக்குவது என்று தங்கள் நண்பர் கேட்டால், இதை அவருக்குக் காட்டலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். மாலிசன் சொல்லும் நிகழ்ச்சிகளில் பெரும்பகுதி ஓர்மிடமிருந்து வந்தது. ஓர்மோ கிளைவோடு நட்புக் கொண்டிருந்தவர். சென்னையில் கம்பெனியின் ஆலோசனைச் சபையில் இருந்தவர். ஆகவே சண்டை எப்படி நடந்தது என்பதற்கு இவ்விருவரையும் இரண்டு சாட்சிகளாகக் கணக்கிடக் கூடாது. ஒரே சாட்சியை இருமுறை கூப்பிட்டதாகவே கொள்ள வேண்டும். சண்டை முக்கியமானதா என்ற தீர்ப்பு மட்டுமே மாலிசனுடைய சொந்தச் சரக்கு. தனித் தலைப்புக்கு அந்தத் தீர்ப்பு உதவும். படைத்தொகைகளை உறுதி செய்ய உதவாது. ஆகவே தாங்கள் கட்டுரையில் தொகைகளைத் தரும்போது ‘ஓர்மின் கணக்குப்படி’ என்று சேர்த்து எழுதுவது நல்லது.

முற்றுகைக் கட்டுரையோடு இணைக்கக் கூடாது என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஆற்காட்டு முற்றுகை 1751 நவம்பரில் முடிந்துவிட்டது. அதன்பின் ஆரணியில் ஒரு சண்டை நடந்து, தோற்ற ராசா சாகிப் மீண்டும் படை திரட்டி, அடுத்த ஜனவரியில் பூந்தமல்லிப் பக்கம் வரை கொள்ளையிட்டார். கிளைவ் துரத்தியபோது ராசா சாகிப் ஆற்காட்டைத் திரும்பப் பிடிக்க முயன்று, அது பலிக்காமல் போகவே காவேரிப்பாக்கத்தில் காத்திருந்தார். அங்கே அவர் தோற்றதால்தான் திருச்சிராப்பள்ளிக்கு உதவிப்படை அனுப்பும் வழி கம்பெனிக்குத் திறந்தது. அந்த ஆண்டு ஜூனில் சந்தா சாகிபின் கதை முடிந்ததும் இந்தத் தொடரில் வருவதே. முடிந்துபோன முற்றுகையின் வாலாக இச்சண்டையை ஒட்டினால், காரண காரியத் தொடர்பே அறுந்துபோகும். இந்த வாதத்தைத் தாங்கள் கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில், அதாவது பங்களிப்பாளர்கள் அதைப் பற்றி விவாதிக்கும் பக்கத்தில், வையுங்கள். ஊர்ப்பெருமையை அங்கே பேச வேண்டாம்.

கேள்வி: ஆரணிச் சண்டை என்று 1751-லும் 1782-லும் நூல்கள் சொல்கின்றன. ‘ஆரணிப் போர்கள்’ என்று ஒரே கட்டுரையாக எழுதலாமா? மேலும் 1751-ஆம் ஆண்டுச் சண்டைக்கு ஒரு நூல் டிசம்பர் 3 என்றும் மற்றொன்று டிசம்பர் 14 என்றும் தேதி கொடுக்கின்றன. இவை இரண்டு சண்டைகளா?
– வாசகர், ஆரணி

பதில்: முதலில் தேதியைத் தீர்த்துக்கொள்வோம், ஏனெனில் இதைக் கவனிக்காதவர்கள் நடக்காத சண்டைக்குக்கூடக் கட்டுரை எழுதிவிடுவார்கள். இங்கிலாந்து 1752 செப்டம்பர் வரை பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றியது. அவ்வாண்டு செப்டம்பர் 2-ஆம் தேதிக்கு மறுநாள் செப்டம்பர் 14 என்று அறிவித்துப் புதிய முறைக்கு மாறியது. பிரெஞ்சுக்காரர்கள் வெகுகாலத்துக்கு முன்பே மாறிவிட்டார்கள். ஆகவே அதற்கு முன் நம் பகுதியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் எதிரெதிரே நின்ற ஒவ்வொரு சண்டைக்கும் பதினொரு நாள் இடைவெளியில் இரண்டு தேதிகள் உண்டு. ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கான் உயிரிழந்த 1749-ஆம் ஆண்டு ஆம்பூர்ப் போர் பழைய கணக்கில் ஜூலை 23, புதிய கணக்கில் ஆகஸ்ட் 3. தாங்கள் குறிப்பிடும் ஆரணிச் சண்டையும் அப்படித்தான். ஒரே சண்டை, இரண்டு நாட்காட்டிகள். கட்டுரையில் ஒரு முறையைத் தேர்ந்து, மற்றதைப் ‘பழைய கணக்கு’ என்று குறித்துவிடுங்கள். புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய நாட்குறிப்பில் தமிழ் ஆண்டும் மாதமும் தேதியும் இருப்பதால், அந்தக் காலச் செய்திகளைச் சரிபார்க்க அது மூன்றாவது உரைகல்லாகப் பயன்படும்.

ஒரே கட்டுரையாக எழுதும் யோசனையை ஏற்க இயலவில்லை. 1751-இல் ராசா சாகிபுக்கு எதிராக மராட்டிய முராரி ராவின் குதிரைப்படைத் துணையோடு கிளைவ் போரிட்டார். 1782 ஜூன் 2-இல் ஹைதர் அலிக்கு எதிராக, ஆரணியில் அவர் சேர்த்து வைத்திருந்த கிடங்கைக் குறிவைத்து, ஆங்கிலேயத் தளபதி சர் அயர் கூட் படை நடத்தினார். முப்பது ஆண்டு இடைவெளி. வேறு போர், வேறு எதிரி, வேறு காரணம். இடம் ஒன்று என்பதைத் தவிர வேறு பொதுமை இல்லாதபோது, இரண்டு கட்டுரைகளும், இரண்டுக்கும் வழிகாட்டும் ஒரு பெயர்ப்பக்கமும் போதும்.

1782 சண்டைக்குச் சில நாள் கழித்து, கூட்டின் காவற்படை ஒன்றை ஹைதரின் குதிரைப்படை பதுங்கியிருந்து வளைத்துப் பெருஞ்சேதம் விளைவித்ததே, அதற்குத் தனித் தலைப்பு வேண்டுமா என்றும் தங்கள் மடலின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். வேண்டியதில்லை. மைசூர் வரலாற்றை எழுதிய வில்க்ஸ் போன்றவர்களும் அதை ஆரணிச் சண்டையின் தொடர்ச்சியாகத்தான் சொல்கிறார்கள். அந்தக் கட்டுரையின் இறுதிப் பகுதியில் எழுதுங்கள். வெற்றி தோல்வி தெளிவில்லாமல் முடிந்த ஒரு சண்டைக்குப் பின் ஹைதர் எடுத்த பழி என்ற பொருள் அங்கேதான் விளங்கும்.

கேள்வி: தக்கோலப் போரைப் பற்றிக் கல்வெட்டிலும் செப்பேட்டிலும் சில வரிகளே உள்ளன. படை எத்தனை, எந்தப் பக்கத்திலிருந்து தாக்கினார்கள் என்று ஒன்றும் தெரியாது. ஆனாலும் அதற்கு எல்லாக் கலைக்களஞ்சியத்திலும் இடம் உண்டு. பக்கம் பக்கமாக விவரம் உள்ள பதினெட்டாம் நூற்றாண்டுச் சண்டைகளை மட்டும் ஏன் தடுக்கிறார்கள்? இது பெரிய அரசருக்கு ஒரு நீதி, சிப்பாய்க்கு ஒரு நீதி அல்லவா?
– வாசகர், அரக்கோணம்

பதில்: கூர்மையான கேள்வி. விவரம் குறைவு என்பது உண்மை. ஆனால் தக்கோலத்தில் இல்லாதது சண்டைக்களத்தின் விவரம் மட்டும். சண்டையைப் பற்றிய ஆய்வு நிறையவே இருக்கிறது.

சான்றுகள் எப்படி அமைந்திருக்கின்றன என்பதைப் பாருங்கள். சோழர் தரப்பில், முதலாம் இராசராசன் காலத்துக் கொடையைச் சொல்லும் ஆனைமங்கலச் செப்பேடுகள், இளவரசன் இராசாதித்தன் யானைமேல் இருந்தபடியே மார்பில் அம்பு தைத்து வீரமரணம் அடைந்ததைப் பாடுகின்றன. எதிர்த்தரப்பில், கர்நாடகத்து ஆதக்கூர்க் கல்வெட்டு, இராட்டிரகூட மூன்றாம் கிருஷ்ணனுக்காகக் கங்க அரசன் பூதுகன் இராசாதித்தனைத் தக்கோலத்தில் கொன்றதாகவும், அதற்குப் பரிசாக வனவாசி முதலிய நாடுகளைப் பெற்றதாகவும் கூறுகிறது. தோற்றவன் வீட்டு ஏடும் வென்றவன் வீட்டுக் கல்லும், ஒன்றையொன்று பார்க்காமல், ஒரே சாவைச் சொல்கின்றன. ஓர்மையும் மாலிசனையும் போல ஒருவர் வாயிலிருந்து மற்றவர் வாங்கியது அல்ல இது. காவேரிப்பாக்கத்துக்கு இல்லாத ஒரு வலிமை தக்கோலத்துக்கு இருக்கிறது என்று கூடச் சொல்வேன்.

ஆதக்கூர்க் கல் உண்மையில் போருக்காக நட்டதே அல்ல. பூதுகனிடம் பணிபுரிந்த மணலேரன் என்ற வீரன் தன் அரசனிடம் காளி என்ற வேட்டை நாயைக் கேட்டு வாங்கினான். அது ஒரு பெரும் பன்றியோடு பொருது இரண்டும் மாண்டன. அந்த நாய்க்காக எழுந்த கல்லில்தான் சோழ இளவரசனின் முடிவு பொறிக்கப்பட்டிருக்கிறது. இதை நான் சொல்வது வேடிக்கைக்காக மட்டும் அல்ல. வேறொரு காரியத்துக்காக எழுதப்பட்ட ஆவணத்தில் இடையே வரும் செய்தி பலவேளைகளில் புகழ்ச்சிக்கென்றே எழுதப்பட்டதைவிட நம்பகமானது. அதே நேரத்தில், அந்தக் கல்லும் பூதுகனின் புகழைப் பாடத் தவறவில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பின்விளைவும் அப்படியே பல சான்றுகளால் உறுதிப்படுகிறது. ‘கச்சியும் தஞ்சையும் கொண்ட’ கன்னரதேவரின், அதாவது மூன்றாம் கிருஷ்ணனின், ஆட்சியாண்டிட்ட கல்வெட்டுகள் தொண்டை மண்டலத்தில் பரவிக் கிடக்கின்றன. இராசாதித்தனோடு களத்தில் சாகக் கிடைக்கவில்லையே என்ற மனவருத்தத்தில் அவனுடைய சேரநாட்டுத் தளபதி துறவு பூண்டு, சதுரானன பண்டிதர் என்ற பெயரில் திருவொற்றியூரில் மடத்துத் தலைவராக இருந்ததை அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. நீலகண்ட சாஸ்திரி முதல் பல அறிஞர்கள் இவற்றைத் தொகுத்து எடைபோட்டு எழுதியிருக்கிறார்கள். அரசர் என்பதால் இடம் கிடைக்கவில்லை. தனித்தனியே நின்று சாட்சி சொல்பவர்கள் பலர் என்பதால் கிடைத்தது.

தங்கள் மனக்குறையில் ஒரு பாதி நியாயம் இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கல்லில் வெட்டவும் செப்பேட்டில் பொறிக்கவும் அரசனால் முடிந்தது, சிப்பாயால் முடியவில்லை. கலைக்களஞ்சியம் அந்த ஏற்றத்தாழ்வைத் தானாக நேர்செய்துவிட முடியாது. இருக்கும் எழுத்தைத் தேடி எடுப்பது ஒன்றே நம் கையில் உள்ளது.

கேள்வி: எங்கள் ஊர் வயலில் ஒரு நடுகல் உள்ளது. மாடு பிடிக்க வந்தவர்களோடு பொருது ஒருவன் இறந்தான் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். இச்சண்டைக்குத் தனிக்கட்டுரை எழுதலாமா?
– வாசகர், செங்கம்

பதில்: தனிக்கட்டுரையாக எழுத வேண்டாம். தொகுப்புக் கட்டுரையில் அது கட்டாயம் இடம்பெற வேண்டும். செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-இலேயே தனி நூலாகப் பதிப்பித்துவிட்டது. அந்தக் கற்களில் செய்தி ஏறத்தாழ ஒரே அச்சில் இருக்கும். ‘கோவிசைய’ என்று தொடங்கி அரசன் பெயர், ஆட்சியாண்டு, தொறுவை (மாட்டு மந்தையை) கவர்ந்தவர் யார், மீட்கப் போய்ப் பட்டவன் யார் என்று முடிந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு போர்க்கட்டுரை எழுதினால் நூறு கட்டுரைகள் வரும். ஒவ்வொன்றிலும் இரண்டு வரிதான் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் ஊர், அரசன், ஆண்டு, கவர்ந்தவர், பட்டவர் என்று வைத்தால்தான், பல்லவர் காலத்தில் இந்த மலையடிவாரத்தில் ஆநிரை எப்படி ஒரு ஓயாத சச்சரவாக இருந்தது என்பது கண்ணுக்குத் தெரியும்.

விதிவிலக்கு உண்டு. மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆண்டைச் சேர்ந்த எடுத்தனூர் நடுகல்லில், வீரனோடு கோவிவன் என்ற நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்று அதன் பெயரும் பொறித்திருக்கிறார்கள். அந்தக் கல்லைப் பற்றிப் பலர் தனியாக எழுதியிருப்பதால், கல்லுக்குத் தனிக்கட்டுரை எழுதலாம். அப்போதும் கட்டுரை கல்லைப் பற்றியதாகவே இருக்க வேண்டும்; சண்டையைப் பற்றிய கட்டுரையாக அதை விரிக்க நம்மிடம் செய்தி இல்லை.

தங்கள் ஊர்க் கல் அந்தப் பதிப்பில் இல்லையென்றால், முதலில் அதைத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். அவர்கள் படித்து வெளியிட்டபின் கலைக்களஞ்சியத்துக்கு வரட்டும். நாமே படித்து நாமே பதிப்பது, எவ்வளவு சரியாக இருந்தாலும், அங்கே செல்லாது.

கேள்வி: 1781 சோளிங்கர்ப் போரில் ஹைதர் தரப்பில் ஐயாயிரம் பேரும் ஆங்கிலேயர் தரப்பில் நூறு பேரும் மட்டுமே சேதம் என்று பல நூல்களில் உள்ளது. இவ்வளவு பெரிய எண் இருப்பதால் தனிக்கட்டுரைக்கு ஐயமே இல்லை என்று எண்ணுகிறேன்.
– வாசகர், சோளிங்கர்

பதில்: தனிக்கட்டுரைக்கு ஐயம் இல்லை, ஆனால் அந்த எண்ணுக்காக அல்ல. செப்டம்பர் 27 அன்று நடந்த அச்சண்டையைப் பற்றி வில்க்ஸ் முதல் பலர் விரிவாக எழுதியிருக்கிறார்கள். மதராஸ் பட்டாளங்களுக்குச் சோளிங்கர் என்ற போர்ச்சிறப்பும் (கொடியில் போரின் பெயரைப் பொறிக்கும் பெருமையும்) வழங்கப்பட்டது. தாங்கள் தந்த எண்ணோ வென்றவர் தாமே போட்ட கணக்கு. தன் சேதத்தை ஆள் எண்ணிச் சொல்லலாம். இருட்டில் பின்வாங்கிப் போன எதிரியின் சேதத்தை யார் எண்ணினார்கள்? மைசூர்த் தரப்பில் கிர்மானி பாரசீகத்தில் எழுதிய வரலாறு ஆங்கிலத்தில் வந்திருக்கிறது. அவர் ஹைதர் குடும்பத்தின் பக்கம் சாய்பவர். இரு தரப்பையும் பக்கத்தில் வைத்து, யார் சொன்னது என்று குறித்து எழுதுங்கள். ஐயாயிரம் என்பதைக் கட்டுரையின் முதல் வரியில் வைக்காதீர்கள்.

கேள்வி: 1767-இல் ஹைதர் அலி எங்கள் ஆம்பூர்க் கோட்டையை முற்றுகையிட்டார். பட்டாளக் கொடியில் ‘ஆம்பூர்’ என்ற பெயரே பொறிக்கப்பட்டது. அதுவே போதுமான சான்று அல்லவா?
– வாசகர், ஆம்பூர்

பதில்: போதாது. போர்ச்சிறப்பு என்பது படை தன் வீரர்களுக்குத் தானே கொடுத்துக்கொள்ளும் மரியாதை. சாராத சான்று என்று அதைக் கொள்ள முடியாது. ஆனால், எங்கே தேட வேண்டும் என்பதை அது காட்டும். தேடினால், கேப்டன் கால்வெர்ட் ஒரு சிறு காவற்படையோடு நவம்பர் முதல் டிசம்பர் வரை மலைக்கோட்டையை விடாமல் காத்ததும், ஆங்கிலேயத் தளபதி ஸ்மித்தின் படை நெருங்கியதும் ஹைதர் விலகியதும் மதராஸ் படையின் வரலாற்றை எழுதிய வில்சனிடமும் பிறரிடமும் கிடைக்கும். தனிக்கட்டுரை எழுதலாம். 1749 ஆம்பூர்ப் போரோடு குழம்பாமல் தலைப்பில் ஆண்டைச் சேர்க்கவும்.

கேள்வி: எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் படையில் இருப்பார்கள். என் தாத்தா இரண்டாம் உலகப் போரில் பர்மா எல்லையில் ஒரு சிறு குன்றைப் பிடிக்க நடந்த சண்டையில் காயமடைந்தார். அவர் சொன்னதை அப்பா எழுதி வைத்திருக்கிறார். அவருடைய பட்டாளத்தின் போர் நாட்குறிப்பிலும் இரண்டு வரி உள்ளதாக ஓர் அதிகாரி சொன்னார். அச்சண்டைக்கு ஒரு கட்டுரை எழுத விரும்புகிறேன்.
– வாசகர், கம்மவான்பேட்டை

பதில்: தங்கள் தாத்தாவின் நினைவுக்கு வணக்கம். தங்கள் விருப்பத்துக்கு நேர்மையான பதில், தனிக்கட்டுரைக்கு இப்போது இடமில்லை என்பதே. மழுப்பிச் சொல்வதால் தங்கள் உழைப்புத்தான் வீணாகும்.

போர் நாட்குறிப்பு என்பது ஒவ்வொரு பட்டாளமும் களத்தில் இருக்கும்போது நாள்தோறும் எழுதும் பதிவேடு. தென்கிழக்காசியக் களத்தில் போரிட்ட படைகளின் நாட்குறிப்புகள் லண்டனையடுத்த கியூ ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. வரலாற்றாசிரியருக்கு அவை பொன். கலைக்களஞ்சியத்துக்கு அவை முதல்நிலைச் சான்று: சண்டையில் கலந்துகொண்டவர்களே எழுதியது, யாரும் இன்னும் எடைபோடாதது. தாத்தாவின் வாய்மொழியும் அந்த வகையே. இரண்டும் பொய் என்று யாரும் சொல்லவில்லை. 1944-இல் இம்பால், கோகிமா பகுதிகளில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குன்றுக்காகவும் இப்படிப்பட்ட மோதல்கள் நடந்தன. அவற்றில் எது தனியே பேசத்தக்கது என்பதை, இரு தரப்பையும் படித்த ஓர் ஆய்வாளர் முதலில் சொல்ல வேண்டும். அந்த வேலையைக் கலைக்களஞ்சியம் எழுதுபவர் தன் தோளில் போட்டுக்கொள்ளக் கூடாது.

செய்யத்தக்கவை வேறு உண்டு. சுதந்திரத்துக்குப் பின் விசேசுவர பிரசாத்தைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளிவந்த இந்தியப் படைகளின் அதிகாரபூர்வ வரலாற்றுத் தொகுதிகளில் பர்மாப் போரைப் பற்றியவற்றைப் பாருங்கள். பட்டாளத்தின் பெயர், மாதம், இடம் மூன்றும் கையில் இருந்தால் தாத்தாவின் குன்று அங்கே எந்தப் பெரிய நடவடிக்கையின் பகுதி என்று தெரிந்துவிடும். அந்த நடவடிக்கையைப் பற்றிய தமிழ்க் கட்டுரை பெரும்பாலும் எழுதப்படாமலே இருக்கும்; இருந்தாலும் நான்கு வரிக் குறுங்கட்டுரையாக இருக்கும். அதை விரிவாக எழுதுங்கள். தங்கள் ஊரைப் பற்றிய கட்டுரையில் படைச்சேவை மரபுக்கு ஒரு பகுதி வைக்கலாம். செய்தித்தாள்கள் அதைப் பலமுறை எழுதியிருப்பதால் சான்றுக்குக் குறைவில்லை.

அப்பாவின் கையெழுத்துப்படியை அப்படியே நூலாகவோ சிற்றிதழ்த் தொடராகவோ வெளியிடுங்கள். நாளை ஓர் ஆய்வாளர் அதை நாட்குறிப்போடு ஒப்பிட்டு எழுதினால், இன்று மூடியிருக்கும் கதவு அன்று திறக்கும். கலைக்களஞ்சியத்தில் ‘இல்லை’ என்பது எந்நாளும் ‘இப்போதைக்கு இல்லை’ என்ற பொருளிலேயே சொல்லப்படுகிறது.

கேள்வி: நான் கல்லூரி மாணவி. வேலூர்ப் பகுதிச் சண்டைகளைப் பற்றித் தேடினால் இணையத்தில் எதுவும் கிடைப்பதில்லை. ‘தேடியும் கிடைக்கவில்லை, ஆகவே குறிப்பிடத்தக்கதல்ல’ என்று முடிவு செய்யலாமா?
– வாசகி, காட்பாடி

பதில்: எதை எந்தப் பெயரில் தேடினீர்கள் என்று முதலில் பார்க்க வேண்டும். ஓர்ம் காலத்து எழுத்தில் காவேரிப்பாக்கம் ‘கோவ்ரிபாக்’, வந்தவாசி ‘வாண்டிவாஷ்’. இன்றைய எழுத்துக்கூட்டலில் தேடினால் பழைய நூல் எதுவும் அகப்படாது. பழைய ஆங்கில வடிவங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றாகத் தேடுங்கள்.

மாவட்ட எல்லையும் ஏமாற்றும். 1881-இல் காக்ஸ் தொகுத்த வட ஆற்காடு மாவட்டக் கையேடு சித்தூரையும் சேர்த்தே பேசுகிறது. சித்தூர் தனி மாவட்டமானது 1911-இல்தான். ஆகவே 1740-இல் நவாப் தோஸ்த் அலி கான் மராட்டியரிடம் மாண்ட தாமல்செருவுக் கணவாய், இன்று ஆந்திரத்தில் இருந்தாலும், வட ஆற்காட்டு நூல்களில்தான் கிடைக்கும். வந்தவாசியும் ஆரணியும் 1989 முதல் திருவண்ணாமலை மாவட்டத்தில்; காவேரிப்பாக்கமும் சோளிங்கரும் 2019 முதல் இராணிப்பேட்டையில்; ஆம்பூர் அதே ஆண்டு முதல் திருப்பத்தூரில். ‘வேலூர் மாவட்டம்’ என்று மட்டும் தேடினால் பாதிப் போர்க்களங்கள் வலைக்கு வெளியே நின்றுவிடும்.

அச்சு நூல்களுக்குச் சென்னை எழும்பூரில் கன்னிமாரா நூலகமும் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் இருக்கின்றன. புனித ஜார்ஜ் கோட்டைப் படைத்துறையின் ஆலோசனைக் குறிப்புகள் 1752 முதல் சில ஆண்டுகளுக்கு அச்சிலேயே உண்டு. நவாப் தரப்புக்கு, முகம்மது உசேன் நயினார் பாரசீகத்திலிருந்து மொழிபெயர்த்துச் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட வாலாஜா வரலாற்றைப் பாருங்கள். கம்பெனி எழுத்தாளர்களை மட்டும் படித்துவிட்டு எழுதும் கட்டுரையில் எதிராளிக்கு முகமே இருக்காது.

இவ்வளவையும் பார்த்தபின் ஒரு சண்டைக்கு ஒற்றை வரிக்கு மேல் அகப்படவில்லை என்றால், அப்போது தயங்காமல் சொல்லலாம்: தனிக்கட்டுரை வேண்டாம், அது நடந்த போரின் கட்டுரையில் அந்த ஒற்றை வரியைச் சான்றோடு எழுதி, சண்டையின் பெயரைத் தேடுபவரைத் தானாக அங்கே கொண்டுசெல்லும் ஒரு வழிமாற்றுக் கொடுங்கள். தேடி வருபவர் வெறுங்கையோடு திரும்ப மாட்டார். பின்னால் செய்தி கிடைத்தால் அந்த வழிமாற்றையே கட்டுரையாக விரித்துக்கொள்ளலாம்.